யார் வேனில் ஏறுவது?

மனைவி: சாவியக் குடுங்க கேப்டன்.

கேப்டன்: மொதல்ல உக்காருங்க அக்கா. டீ ஆறிடும்.

மனைவி: டீ கெடக்கட்டும். எல்லாரும் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு வெளிய நிக்கிறாங்க. என் பைக்குச் சாவி மட்டும் உங்க பாக்கெட்ல என்ன பண்ணுது?

கேப்டன்: இன்னைக்கு ஒரு நாள் வேன்ல வாங்க. மலைக் கணவாயத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கினதும் சாவி உங்க கையில.

மனைவி: வேன்லயா? பழைய டயரு, பெட்ரோல் கேனு, அதுக்கு நடுவுல நானா?

கேப்டன்: முன் சீட்டு தான்கா... ஹீட்டர் கூட இருக்கு.

மனைவி: ஹீட்டர்ல குளிர் காயத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா? வழி காட்டத்தானே உங்களக் கேப்டன்னு கூப்பிடறோம், வழிய மறிக்கவா? நான் என்ன தப்பு பண்ணேன்? நேத்து ஆத்துல எறங்கி ஏறினப்ப விழுந்தேனா?

கேப்டன்: இல்ல.

மனைவி: விழுந்தது யாரு?

கேப்டன்: அது... சார் தான்.

கணவர்: கல்லு வழுக்கிடுச்சு. அத எதுக்கு இப்ப...

மனைவி: நீங்க சும்மா இருங்க. அவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். கேப்டன், நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ. எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு காட்டிக் குடுத்தவ. இதோ உக்காந்திருக்காரே, இவருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தது நான் தான்.

கணவர்: ஊருக்கெல்லாம் சொல்லு.

மனைவி: சொல்லுவேன்.

கேப்டன்: ஓட்டத் தெரியாதுன்னு யாருக்கா சொன்னா? பிரச்சனை மூச்சு. மேல காத்து ரொம்ப மெல்லிசு. விரல்ல மாட்டிப் பாக்குற கிளிப்புல உங்களுக்கு ஆக்சிஜன் படு மோசமாக் காட்டியிருக்கு.

மனைவி: எனக்கா! யாரு பாத்தா?

கேப்டன்: சார் தான். மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவரு, கையோட கிளிப்பும் கொண்டாந்திருக்காரு. காலைல எல்லாருக்கும் பாத்துட்டு வந்து சொன்னாரு.

மனைவி: ஓஹோ... ஏங்க, என் விரல்ல எப்ப மாட்டினீங்க?

கணவர்: நீ தூங்கிட்டிருந்த.

மனைவி: தூங்குறவ விரல்லயா?

கணவர்: எழுப்பினா தூக்கம் கெட்டுடுமேன்னு...

மனைவி: அடேயப்பா, என்ன கரிசனம்! கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நாளாவது, ஐயோ இவ தூங்குறாளேன்னு ரேடியோவக் கொறச்சு வச்சிருக்கீங்களா? சரி, உங்களுக்கு எப்படிக் காட்டுச்சு?

கணவர்: எனக்கா? எனக்கென்ன... நார்மல்.

மனைவி: அப்ப நீங்க ஓட்டிட்டுப் போறீங்க.

கணவர்: அது எப்படிப் போவேன்? உன்ன இந்த நெலமையில விட்டுட்டு நான் மட்டும் ஜம்முனு ஓட்டிட்டுப் போனா மனுசனா? நானும் உன்கூட வேன்ல வந்துர்றேன்.

மனைவி: வேன்ல.

கணவர்: உனக்காகத் தான்.

மனைவி: எனக்காக...

கேப்டன்: தங்கமான மனசு அக்கா சாருக்கு. வெளிய அவரு கூட்டாளிங்க எல்லாம் அதையே தான் பேசிக்கிறாங்க.

மனைவி: என்ன பேசிக்கிறாங்க?

கேப்டன்: ஒண்ணுமில்ல... சும்மா...

மனைவி: கேப்டன்!

கேப்டன்: சார அவங்க ‘மாத்திரை’ன்னு தானே கூப்பிடறாங்க... ‘பாவம்டா மாத்திரை, காலேஜ்லேர்ந்து இந்தக் கணவாயப் பத்தியே பேசிக்கிட்டிருந்தான், கடைசில...’

மனைவி: கடைசில?

கேப்டன்: ‘பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து கெட்டான்’னு.

மனைவி: நான் கெடுத்தேன்! கேட்டீங்களா, நான் கெடுத்தேனாம். பொம்பளைங்க கூட வந்தாலே இப்படித்தான்னும் சொல்லியிருப்பாங்களே?

கேப்டன்: டீ ஆறிப் போச்சுக்கா.

மனைவி: சொன்னாங்களா இல்லையா?

கேப்டன்: கிட்டத்தட்ட.

மனைவி: அந்தக் கிளிப்ப எடுங்க. இப்ப, இங்க, என் விரல்ல மாட்டுங்க.

கணவர்: பேட்டரி தீந்துடுச்சு.

மனைவி: இப்பத்தான எல்லாருக்கும் பாத்தீங்க?

கணவர்: அதுல தான் தீந்துடுச்சு.

கேப்டன்: வேன்ல என்கிட்ட ஒண்ணு இருக்கு சார். ஓடிப் போய் எடுத்துட்டு வந்துர்றேன்.

கணவர்: எதுக்குப்பா? அங்க பாரு, மேகம் கட்டிக்கிட்டு வருது. நேரத்த வீணாக்கிக்கிட்டு...

மனைவி: நீங்க போய் எடுத்துட்டு வாங்க கேப்டன்.

கணவர்: ...ஏம்மா.

மனைவி: சொல்லுங்க.

கணவர்: விட்டுடேன். ஒரு நாள் தான. வேன்ல ஏறினா என்ன கொறஞ்சு போயிடுவ?

மனைவி: நான் கொறய மாட்டேன். நீங்க?

கணவர்: அவங்கள உனக்குத் தெரியாது. இந்த ஒண்ண வச்சே ஆயுசு பூரா ஓட்டுவானுங்க.

மனைவி: எந்த ஒண்ண?

கணவர்: ...தண்ணி இருக்கா?

கேப்டன்: இந்தாங்க, எடுத்தாந்துட்டேன். அக்கா, விரல நீட்டுங்க. அசைக்காதீங்க... நல்லாத்தான இருக்கு! இந்த ஒசரத்துக்கு இது அருமையான அளவு. இன்னொரு விரலக் குடுங்க... இதுலயும் அப்படியே தான். சார், என்ன சார் இது?

கணவர்: உன் கிளிப்பு சரியில்லாம இருக்கும்.

மனைவி: அப்ப உங்க விரல்ல மாட்டிப் பாத்துடலாம். சரியில்லாத கிளிப்பு தான, என்ன பயம்?

கணவர்: எனக்கு எதுக்குங்கறேன்...

மனைவி: கையக் குடுங்க.

கேப்டன்: சார், கைய மேசை மேல வைங்க... ஐயையோ. சார்! இந்த அளவோட எப்படி உக்காந்து பேசிக்கிட்டிருக்கீங்க? தல வலிக்குதா?

கணவர்: லேசா.

மனைவி: லேசாவா?

கணவர்: ...வெடிக்குது. காலைல ரெண்டு தடவ வாந்தி. எழுந்து நின்னா தரை சாயுது.

கேப்டன்: இத என்கிட்ட ஏன் சார் மறைச்சீங்க?

கணவர்: வேன்ல தான வரேன்னேன்? ஓட்டறேன்னா சொன்னேன்?

கேப்டன்: வேன்ல ஏறினா மலை தாழ்ந்துடுமா சார்? வேனும் அதே கணவாய்க்குத் தான ஏறுது! முன் சீட்ல ஹீட்டரப் போட்டு உங்கள நானே மேல கூட்டிட்டுப் போயிருப்பேன். அங்க ஒரு டாக்டரு கெடையாது, போன் கெடையாது... உங்க உசிருக்கு யாரு பதில் சொல்றது?

கணவர்: கத்தாதப்பா. வெளிய கேக்கும்.

கேப்டன்: கேக்கட்டும் சார்! நீங்க இப்பவே கீழ எறங்கணும். வேனத் திருப்பச் சொல்றேன். அக்கா... மன்னிச்சிடுங்க. நானே உங்க விரல்ல மாட்டிப் பாத்திருக்கணும்.

மனைவி: விரல் கெடக்கட்டும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ‘அக்கா, உடம்புக்கு என்ன பண்ணுது’ன்னு? என் மூச்சப் பத்தி என்னைய விட்டுட்டு என் புருஷன்கிட்டயா விசாரிப்பீங்க?

கேப்டன்: தப்பு தான்கா. இந்தாங்க சாவி. நீங்க எங்ககூட மேல வாங்க. சாரக் கவனமா எறக்கி ஆஸ்பத்திரில சேக்கறது என் டிரைவர் பொறுப்பு.

மனைவி: சாவியக் குடுங்க. ஆனா மேல வரல. வேனுக்குப் பின்னால என் வண்டியில கீழ எறங்கறேன்.

கணவர்: நீ போயிட்டு வாம்மா. எனக்காக ஏன்...

மனைவி: ‘எனக்காக’ங்கிற வார்த்தைய இன்னைக்கு என் காதுல போடாதீங்க. எழுந்திருங்க. என் தோளப் புடிச்சுக்குங்க.

கணவர்: வெளிய என்ன சொல்றது?

மனைவி: உள்ளதச் சொல்லுங்க.

கணவர்: நீ சொல்லேன்.

மனைவி: என்னப் பத்திப் பேச வாய் இருந்துச்சுல்ல? அதே வாய் தான். கதவத் தொறங்க கேப்டன்.

கணவர்: டேய்... டேய், இங்க பாருங்கடா. எனக்குத் தாண்டா முடியல. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான் தான் பொய் சொன்னேன்... சிரிங்கடா, சிரிங்க.

கேப்டன்: யாரும் சிரிக்கல சார். பாத்து... வேன் படி இருக்கு. ஏறுங்க. இந்த ஆக்சிஜன் மாஸ்க்கக் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டாதீங்க.

கணவர்: கொஞ்சம் இரு கேப்டன். என் வண்டி? அங்கயே நிக்குதே. அவனுங்கள்ல யாரையாவது ஓட்டிட்டு வரச் சொல்லேன்.

மனைவி: யாரு ஒதச்சாலும் அது ஸ்டார்ட் ஆகாது.

கணவர்: ஏன்? நேத்து சாயங்காலம் கூட நல்லாத்தான ஓடுச்சு?

மனைவி: காலைல நீங்க செவத்தப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தப்ப நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். உடனே எறங்கிப் போயி ஸ்பார்க் பிளக்கக் கழட்டி ஒளிச்சு வச்சேன். ‘வண்டி மக்கர் பண்ணிடுச்சு, அதான் மாத்திரை வேன்ல வரான்’னு அவங்க நெனச்சுக்கட்டும், உங்க மானமும் தப்பும், உசிரும் தப்பும்னு. வேனும் மலை தான் ஏறும்னு எனக்கும் தோணல... அது என் முட்டாத்தனம். ஆனா நான் பழிய உங்க வண்டி மேல போட்டேங்க. நீங்க என் மேல போட்டீங்க.