குருவி குறையவில்லை என்று எழுதிக் கொடுத்தவருக்கு

செடிக்கும் சிறகுக்கும் சேர்த்தே செவி சாய்த்த எங்கள் மூத்தவரே, முள்ளுக்கும் வெயிலுக்கும் முகம் சுளிக்காமல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆய்வு நிலையத்தை முன்னின்று நடத்திய மேன்மையரே, பணி நிறைவு காணும் இந்த நன்னாளில் உங்கள் முன் பணிந்து நிற்கிறோம்.

இத்தகைய மடலில் அடைமொழிகள் அணிவகுத்து வர வேண்டும் என்பது மரபு. ஆனால் எங்கள் அறிக்கைகளில் ‘மிகவும்’, ‘அரிய’, ‘அற்புதமான’ என்று எது கண்ணில் பட்டாலும் சிவப்பு மையால் அடித்து, “பார்த்ததை மட்டும் எழுதுங்க” என்று திருப்பி அனுப்பியவர் நீங்கள். ஆகவே மேலே சொன்ன அடைமொழிகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்ததை எழுதுகிறோம்.

நீங்கள் பொறுப்பேற்றபோது இந்நிலையம் என்பது கூரை ஒழுகும் இரண்டு அறைகள். இன்று உலர்ந்த செடிகளைக் காக்கும் அறையில் இன்னோர் அலமாரி வைக்க இடமில்லை. செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, ஈரத்தாளை மாற்றி மாற்றி உலர்த்துவது எங்கள் அன்றாட வேலை. அந்தத் தாள்களை வரி விடாமல் படித்துக்கொண்டே மாற்றுவீர்கள். அதனால் என்றோ கவிழ்ந்த அமைச்சரவையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு இன்றைய அமைச்சரவையைப் பற்றித் தெரியாது.

செடிகள் ஒருபுறம் இருக்க, உங்கள் பெயரை வெளியுலகம் அறிந்தது ஒரு குருவியால். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் குருவி முட்புதரை விட்டு வெளியே தலை காட்டாது. அதைக் கண்ணால் எண்ண முடியாது. விடியலில் அது எழுப்பும் கூரிய கீச்சொலியைக் கேட்டுத்தான் எண்ண வேண்டும். ஆண்டுதோறும் அந்தக் கணக்கை நீங்களே நடந்து எடுத்தீர்கள். வேறெவரையும் நம்பி விட்டதில்லை. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. குருவி அழிந்து வருகிறது என்று கட்டுரை எழுதினீர்கள். அதை ஆதாரமாகக் கொண்டு, முட்காட்டை அழித்துக் கல் குவாரி திறக்கும் திட்டத்தை அரசுக் குழு நிறுத்தி வைத்தது. நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் தங்கை விருந்தாளியாக வந்தார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். காலையில் உங்களோடு முட்காட்டுப் பக்கம் நடந்தவர் காதைப் பொத்திக்கொண்டு, “என்னக்கா இது, காதைக் குடையுது. எப்படித்தான் தாங்குற?” என்று கேட்டார்.

நீங்கள் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒரே வார்த்தை: “எது?”

அன்றே மருத்துவரிடம் போனீர்கள். வயது ஏற ஏற இத்தகைய கூர் ஒலிகள்தாம் முதலில் காதை விட்டுப் போகும் என்றார் அவர். உடனே எங்களில் இருவரைக் காட்டுக்கு அனுப்பினீர்கள். “நான் வந்தா, கேக்காததையும் உங்க முகத்தைப் பார்த்தே கேட்டதா ஊகிச்சிடுவேன், நீங்களே போய்ட்டு வாங்க” என்று நிலையத்திலேயே தங்கிவிட்டீர்கள். போனவர்கள் கொண்டுவந்த எண்ணிக்கை பழைய நாள்களுக்குக் குறையாமல் இருந்தது. குருவி குறையவில்லை, கேட்ட காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் குவாரிக்கு விதித்த தடை போகும், உங்கள் பெயர் போகும், நிலையம் கேலிப்பொருளாகும். எங்களில் பலர் உங்கள் அறைக்கு வந்து, “விட்டுடுங்க மேடம். உங்க காதைப் பத்தி யாருக்குத் தெரியப்போகுது? காடாவது பிழைச்சுக்கட்டும்” என்று மன்றாடினோம். “தெரிஞ்சும் மறைச்சா, நாளைக்கு நாம நிஜத்தைச் சொன்னாலும் யாரு நம்புவாங்க?” என்றீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள். குருவி குறையவில்லை, தவறு என்னுடையது என்று அரசுக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தீர்கள். சில வாரங்கள் நாங்கள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தீர்கள். சாந்தமே உருவானவர் என்று இம்மடலில் எழுதினால் இந்த அரங்கமே சிரிக்கும்.

தடை நீங்கும் நிலை வந்தது. குழு மறு விசாரணைக்கு அவகாசம் கொடுத்தது. “குருவியைக் காட்டித்தான் காட்டைக் காப்பாத்தணுமா? அந்தக் காட்டை நம்பி எத்தனை வீட்ல உலை கொதிக்குது, அதைப் பார்த்தோமா?” என்று எங்களை அடுப்படிகளுக்கு அழைத்துப் போனீர்கள். எந்தக் கீரை எந்த மாதம் வருகிறது, எந்தக் கிழங்கை எத்தனை தண்ணீரில் வேகவைத்தால் கசப்பு நீங்கும், கடைக் காய்கறி கைக்கெட்டாத கோடையில் காட்டுப் பழம் எத்தனை பேர் பசி தீர்க்கிறது என்று வீடு வீடாக உட்கார்ந்து கேட்டீர்கள். கொடுத்ததைச் சாப்பிட்டீர்கள். ஒரு வீட்டில் ஏதோ காயைத் தின்று நாக்கு தடித்துப்போன பின்பும், “இன்னும் கொஞ்சம் போடவா?” என்ற அந்த அம்மாளிடம் மறுக்க மனமில்லாமல் தட்டை நீட்டினீர்கள். அதன்பின் நாக்கின் தடிப்பு இறங்கும்வரை இந்நிலையம் கண்ட அமைதியை நாங்கள் மறுபடியும் கண்டதில்லை.

சென்ற மாதம் விசாரணை நடந்தது. குவாரித் தரப்பு வழக்கறிஞர் உங்கள் பழைய கட்டுரையை எடுத்து ஆட்டி, “ஏற்கெனவே தப்பாச் சொன்னவங்கதானே இவங்க?” என்றார். “அது தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு?” என்று குழுத் தலைவர் கேட்டார். வழக்கறிஞர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவங்களேதான்” என்றார். தலைவர் எங்கள் பக்கம் திரும்பி, உணவு ஆய்வின் முடிவுகளைச் சொல்லச் சொன்னார். முட்காடு வெட்டப்படாது என்ற உத்தரவு கடந்த வாரம் வந்து சேர்ந்தது.

காடு பிழைத்துவிட்டது, மேடம். ஆனால் உங்கள் தங்கை வந்துபோன நாளுக்குப் பிறகு குருவிக் கணக்கெடுப்புக்கு நீங்கள் ஒருமுறையும் வரவில்லை. கூப்பிட்டால், “எனக்கு அங்க என்ன வேலை?” என்று சொல்லிவிட்டு, செய்தித்தாள் மாற்றப் போய்விடுகிறீர்கள். எங்களுக்கு மனம் ஆறாத ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நோயும் நொடியும் நெருங்காமல், சுற்றமும் நட்பும் சூழ, நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். கூடவே உரிமையோடு ஒன்று கேட்கிறோம். வரும் கணக்கெடுப்புக்கு வாருங்கள். நீங்கள் எதையும் எண்ண வேண்டாம், எழுத வேண்டாம். எங்கள் நடுவில் நடந்து வந்தால் போதும். குருவி கத்தும்போதெல்லாம் உங்கள் தோளைத் தொடுகிறோம்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
ஆய்வு நிலையத்தார் அனைவரும்