தேன்குரலுக்கு ஒரு பட்டமாம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஆதிகேசவன் ஐயா அவர்களே, காக்களூர்த் தொழிற்பேட்டையின் உழைப்பாளித் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்டு முடிந்த களைப்போடு நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே, உங்கள் எல்லோர்க்கும் ஷமீமாவின் வணக்கம்!

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயன ஆலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். எனக்கு இன்று ‘தேன்குரல் மணி’ என்று பட்டம் தருகிறீர்கள். இந்தக் குரல் என்ன சாதித்தது என்று கேட்டுவிட்டுத் தாருங்கள்.

கண்ணால் கண்ட காயங்களையெல்லாம் முதலில் வலைப்பூவில் எழுதினேன். “கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்குவதற்கு நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே இருப்பது நச்சுக்காற்று. கூச்சல் போடுங்கள், மூச்சுக் கருவியோடு ஆள் வரும்வரை பொறுங்கள்” என்று எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து ‘அருமை’ என்று பின்னூட்டம் வந்தது. கனடாவிலிருந்து ஒருவர் என் ஒற்றுப்பிழையைத் திருத்தினார். திருத்தியவராவது படித்தார்! ஆனால் தொட்டியில் இறங்குகிறவன் படித்தானா? பன்னிரண்டு மணி நேரம் வெந்தவன் பிரவுசிங் சென்டருக்கா போவான்?

அதனால்தான் பாட்காஸ்டுக்கு வந்தேன். கண்ணுக்கு எழுதியதைக் காதுக்குக் கொடுத்தேன். செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றினார்கள், புளூடூத்தில் கைமாற்றினார்கள். கம்பெனி பஸ்ஸில் என் குரல்! கேன்டீனில் என் குரல்! காக்களூரில் என் குரல்! கவரைப்பேட்டையில் என் குரல்!

கைதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஆலையில் வசந்தகுமார் என்று ஒரு தம்பி. ஒருநாள் விரலில் கட்டுப்போட வந்தவர் சொன்னார்: “இன்னா கொரலு நர்ஸம்மா உங்களுது! பஸ்ல ஏறி காதுல மாட்டிகினா, ஊடு வர்றதே தெரியல. அப்டியே தூங்கிடுறேன்.”

“நான் சொன்னது இன்னான்னு தெரியுமா தம்பி?” என்றேன்.

“அது... நல்லா சொன்னீங்கம்மா!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன ஆடி மாதம், தொட்டியைக் கழுவ இறங்கிய அப்பாவு மயங்கி விழுந்தார். மேலே நின்றவர் வசந்தகுமார். கூட வேலை செய்கிறவன் கண்ணெதிரே விழுந்தால் யார் மனசு கேட்கும்? கூச்சல் போடவில்லை, பொறுக்கவில்லை. இறங்கிவிட்டார். இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள். வசந்தகுமார் சட்டைப் பையில் செல்போன், செல்போனில் நான்.

அவர் மனைவி சந்திரகலா இதோ முன்வரிசையில் இருக்கிறாள். “டெய்லி உங்களக் கேட்டுகினேதான்கா படுப்பாரு” என்றாள் என்னிடம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு என் குரலே பிடிக்கவில்லை.

எழுதினால் பிழை பார்க்கிறோம். பேசினால் இனிமை பார்க்கிறோம். சொன்னதை எப்போது பார்ப்போம்? எந்தப் பிணத்தைத் தூக்கியபின் பார்ப்போம்?

ஐயோ, இதற்கும் கைதட்டுகிறீர்களே! சரி, ஒன்று கேட்கிறேன். தொட்டியில் ஒருவர் விழுந்தால் என்ன செய்யச் சொன்னேன்? இந்த மேடையிலேயே சொன்னேனே! யாராவது சொல்லுங்கள்.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு குரல் வருகிறது. சந்திரகலா, நீ சொல்லாதே அம்மா. நீ சொல்லிக் காப்பாற்ற உன் வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்?

பட்டம் மேசையிலேயே இருக்கட்டும். அழைத்த மன்றத்தார்க்கு நன்றி. நாளை வேலைக்குப் போகிறவர்களே, உயிரோடு வீடு திரும்புங்கள். வணக்கம்.