மீனம்மாவின் நிறம்

— இது எங்க அம்மா இல்ல, நஸார் நானா. யாரோ பவுடர் டப்பாக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.

— ஜீவராணி புள்ள, கண்ணாடிச் சட்டமெல்லாம் போட்டு முடிச்ச பொறகா சொல்லுவீங்க? படத்துல மீனம்மாக்கா நடிகை மாதிரி ஈக்கிறாங்க.

— அதான் சொல்றேன். ஆயுசு முழுக்க வெயில்லயும் மழையிலயும் தேயிலைக் கொழுந்தெடுத்த மனுஷி. நல்ல கறுப்பு. நாளைக்குக் கருமாதி. தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் வந்து கும்பிடுறப்ப, யாரு இந்த வெள்ளைக்காரின்னு கேக்கப்படாது.

— லிந்துலை பஸார்ல உள்ள நிறத்த உள்ளபடி குடுத்தா, நான் ஸ்டூடியோவ மூடிட்டு ஆட்டோ ஓட்டணும். பொண்ணு பாக்க அனுப்புற படம், சடங்குப் படம், அடையாள அட்டைப் படம்… எதுக்கு வந்தாலும், "நானா, கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க"தான். கேட்டதக் குடுக்குறது யாவாரம். கேக்க முந்தியே குடுக்குறது நல்ல யாவாரம்.

— எங்கம்மா கேட்டாங்களா?

— …இல்ல. அவங்க கேக்கல்ல.

— அப்ப அம்மாவோட நிறத்த எடுத்துத் தாங்க. கம்பியூட்டர்ல ஏலாதா?

— சும்மா கண்ணால பாத்து கறுப்பாக்கினா அதுவும் பொய்தான். பொறுங்க… இது உங்க அண்ணன் கிஷாந்த் மகளோட சடங்குல புடிச்சதுதானே? அப்பதான் கிரே காட் புதுசா வாங்கியிருந்தேன்.

— அது என்னது?

— வெறும் சாம்பல் நிற மட்டை, அட்டைதான். முதல் படத்துல யார் கையிலயாச்சும் குடுத்துப் புடிக்கணும். இதுதான் சாம்பல்னு கம்பியூட்டருக்குக் காட்டிட்டா, பல்ப்போட மஞ்சள் கழண்டு, மத்த நிறமெல்லாம் தன் இடத்துக்கு வந்துரும். வெளிச்சம் கூடவா குறைவான்னும் சொல்லிரும். இதுகிட்ட பேரம் பேச ஏலாது. அதனாலயே அலுமாரில போட்டுட்டேன்.

— அன்னைக்கு யாரு கையில குடுத்தீங்க?

— இந்தா, பாருங்க.

— அம்மா!

— "எழுத்தே இல்லாத சிலேட்டக் குடுக்குறியே தம்பி, பெயிலானவன் சிலேட்டா?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன உங்க சித்தி சிரிச்ச சிரிப்புல நானே ஆடிப்போனேன். திரும்பவும் புடிக்க வேண்டியதாப் போச்சு.

— சடங்குக்கு நான் வரல்ல. கொழும்புல வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா, நீங்க வெளுத்து போனுக்கு அனுப்பின இந்தச் சடங்குப் படத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். போன்ல அம்மா "நல்லா இருக்கேன்"ம்பாங்க. படமும் அதையேதான் சொல்லுச்சு.

— கவலப்படாதீங்க. இப்ப படத்துல இந்த மட்டை மேல மவுஸ அமத்துறேன்… ஆ! பாத்தீங்களா? வாழைமரம் பச்ச. உங்கப்பா இராமையாண்ணன் வேட்டி வெள்ள. சித்தி அப்படியே சித்தி.

— அம்மா?

— ஒரு நிமிஷம்.

— அம்மா மட்டும் ஏன் இன்னும் மஞ்சளா இருக்காங்க?

— மஞ்சள் பூசியிருப்பாங்க. சடங்கு வீடுதானே.

— கண்ணுக்குள்ளயுமா பூசுவாங்க? கண்ணப் பெருசாக்குங்க.

— வாணாம் புள்ள.

— ஆக்குங்க, நானா.

— …யா அல்லாஹ். அன்னைக்கும் இந்த மஞ்சள நான் பாத்தேனே. மண்டபத்து பல்ப்புன்னு நெனச்சு, ஒவ்வொரு முகமா வெளுத்து எடுத்தேனே.

— ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டாரு, கண்ணு எப்ப இருந்து மஞ்சளா இருக்குன்னு. இந்த வாரந்தான்னு அப்பா சொன்னாரு. முந்தியே கொண்டாந்திருந்தா ஈரலக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்னு டொக்டர் சொன்னாரு. சடங்கு நடந்தது தைப்பொங்கல் முடிஞ்ச கையோட, நானா. இப்ப ஆடி.

— உள்ளபடி அனுப்பியிருந்தா கொழும்புல இருந்தே நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க. தடுத்தது நான்தான் புள்ள. இருங்க, இந்தப் படத்தையே பெருசாக்கி, இன்னைக்கே சட்டம் போட்டுத் தாறேன்.

— வேணாம். அந்த வெள்ளப் படத்தையே கட்டிக் குடுங்க. தெனமும் அம்மாவுக்குப் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டவரு எங்கப்பா. இத அவரு பாக்கவே கூடாது.