பதில் மட்டும் தெரிந்த அம்மா

எல்லா சபையும் கூடியிருக்கிற இந்தக் கூட்டத்துல வலது பக்கம் ஆர்.சி. கத்தோலிக்கர், இடது பக்கம் சி.எஸ்.ஐ. கதவோரமா பெந்தெகொஸ்தே சகோதரர்கள்... பிடிக்கலைன்னா சட்டுன்னு எழுந்து போக வசதியா! யாரு புனிதர்னு கேட்டா மூணு பக்கமும் மூணு பதில் வரும். நான் பதில் சொல்லப் போறதில்ல. ஒரு சின்னக் கதை சொல்றேன்... எங்க அம்மா கதை.

விழுப்புரம் ரயில்வே காலனி. அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. எங்க வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். இந்தப் பக்கம் அந்தோணியார் படம், அந்தப் பக்கம் பைபிள் வசனக் காலண்டர். அங்க இருந்தவர் ஞானாபரணம் சார். பள்ளிக்கூட வாத்தியார், சி.எஸ்.ஐ. சபை மூப்பர், திருநெல்வேலிக்காரர். அம்மாவுக்கு அவர் அண்ணாச்சி.

துணி காயப் போடுற இடத்துல தினமும் சண்டை! "செத்துப்போனவங்ககிட்ட எதுக்கும்மா ஜெபம்? நேரா கர்த்தர்ட்ட கேளு!" அம்மா விடுவாங்களா? "தலைவலின்னா எனக்காக வேண்டிக்கோன்னு என்கிட்ட சொல்றீங்களே அண்ணாச்சி... நான் வேண்டலாம், அந்தோணியார் வேண்டக் கூடாதா?" அந்தச் சண்டைக்கு இன்னைக்கும் மனசு ஏங்குது. அவ்வளவு அன்பா இப்ப யாரு சண்டை போடுறா?

ஒருநாள் அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன். காலை ஒன்பது மணிக்கு. அப்பா வண்டியோட போயிட்டார். நான் சாமியார் படிப்புக்குச் செமினரியில. எங்க பங்குச் சாமியார் கிராமத்துப் பூசைக்குப் போயிட்டார். துணைக்கு வந்தது யாரு? அண்ணாச்சிதான்!

ஸ்ட்ரெச்சர்ல படுத்ததும் அம்மா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அண்ணாச்சி... புனிதர் மன்றாட்டுமாலை சொல்லணும். புத்தகத்தை வீட்லயே விட்டுட்டேன். எனக்குப் பேர் வரிசையா வராது... பதில்தான் வரும்." நிஜம்தானே? கோயில்ல பேர் சொல்றது ஒருத்தர். நாமெல்லாம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு மட்டும்தானே சொல்றோம்?

மூப்பருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் சொன்னாராம், "சரி... பேரை மட்டும் சொல்லுதேன். மிச்சம் உன் பாடு."

"பேதுரு." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." "யோவான்." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." "யூதாஸ்... சே, காட்டிக்கொடுத்தவன், அவன் வேண்டாம்!" பைபிள்ல இருந்த பேர் தீர்ந்துபோச்சு. அவருக்கு வேற புனிதர் யாரைத் தெரியும்?

அம்மா கையை விடல. "நிறுத்தாதீங்க அண்ணாச்சி... நிறுத்தினா பயமா இருக்கு."

அண்ணாச்சி யோசிச்சார். மெதுவா சொன்னார்... "கேட் கீப்பர் மாசிலாமணி." யாரு அவர்? புயல் அடிச்சப்ப தன்னோட ஒத்தை ரூம்ல பதினோரு குடும்பத்துக்கு இடம் கொடுத்தவர். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." "ஆயா எஸ்தர்." காலனிப் பிள்ளைங்களையெல்லாம் பிறந்ததும் கையில வாங்கினவங்க... என்னையும்தான். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அப்புறம் ஒரு பேர் சொன்னார்... "ரத்னபாய்."

ஆறு வருஷம் முன்னால இறந்துபோன அவர் சம்சாரம்.

அம்மா பதில் சொன்னாங்க. ஆனா அந்தத் தடவை ரெண்டு குரல் கேட்டுதாம்... "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அம்மா வீட்டுக்கு வந்தாங்க. அண்ணாச்சி மாறிட்டாரா? மாறவே இல்ல! "அது ஜெபம் இல்லம்மா... ஞாபகம்." அம்மா சிரிச்சாங்களாம். "சரி அண்ணாச்சி... ஞாபகம்."

அண்ணாச்சி இறந்தப்புறம் அம்மா மன்றாட்டுமாலையில ஒரு பேர் கூடிப்போச்சு. அந்தோணியார், செபஸ்தியார்... அடுத்து ஞானாபரணம் அண்ணாச்சி! அவர் கேட்டிருந்தா சுவரைத் தட்டிச் சண்டைக்கு வந்திருப்பார்.

அன்பானவங்களே... திருச்சபை ஆராய்ஞ்சு பீடத்துல ஏத்துற புனிதர்களை நான் வணங்குறேன். விசுவாசிகள் எல்லாருமே பரிசுத்தவான்கள்னு பவுல் எழுதினதையும் வாசிக்கிறேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான்... அந்தப் பக்கம் பேசுறது இந்தப் பக்கம் கேக்கும்.

இப்ப கண்ணை மூடுங்க. நீங்க பயந்து கிடந்தப்ப கையைப் பிடிச்சிருந்த ஒருத்தர் பேரை மனசுல சொல்லுங்க. ஜெபம்னு நினைச்சுச் சொல்லுங்க... இல்ல, ஞாபகம்னு சொல்லுங்க. ஆனா சொல்லாம வீட்டுக்குப் போயிடாதீங்க.

நான் முதல்ல சொல்றேன்... ஞானாபரணம் அண்ணாச்சி.