பச்சை பூசிய ஸ்பிரிங்

என் பெயர் பதுருன்னிசா. தகப்பனார் அஹமது கபீர். வயது 38. ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் உம்மாவுடன் வசிக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன்.

என் தம்பி அர்ஃபான் சென்ற ஆண்டு விரைவுச்சாலையில் கார் தடுப்பில் மோதி இறந்தான். மழையில் வேகமாக ஓட்டினான் என்றே எல்லோரும் பேசினார்கள். உம்மா மட்டும் நம்பவில்லை. நொறுங்கிய காரை உடைக்க அனுப்பும் பொறுப்பை அவனுடைய நண்பர் ஆதவன் தானாகவே ஏற்றுக்கொண்டார். அவர் பூன் லேயில் மெக்கானிக். சக்கரங்களுக்கு மேலே காரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளைப் பழையதாகத் தேடி வாங்கிப் பொருத்தியவரும் அவரே.

அதன் பிறகு, சென்ற வாரம், தம்பி விட்டுப்போன கார் சக்கரங்களை விற்க எண்ணி இணையத்தில் பார்த்தபோது, பச்சை பூசிய ஸ்பிரிங்குகளின் படம் வந்தது. எங்கள் வீட்டு இரும்புக் கதவுக்கு அடித்த பெயின்டின் மீதியை அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவற்றுக்குப் பூசியதை நான் பார்த்திருக்கிறேன். 'விபத்தில் சிக்காத காரில் இருந்தவை' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. விற்பவரின் பெயர் இல்லை. வாங்குபவர்போல் செய்தி அனுப்பினேன். ஒன்றுதான் மீதி என்று பதில் வந்தது.

அதன் பிறகு இன்று மாலை தேக்கா கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். பையுடன் வந்தவர் ஆதவன். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதோட ஜோடி எங்க?" என்று கேட்டேன்.

"அது உடைஞ்சிருந்துச்சுக்கா. கழட்டும்போதுதான் பார்த்தேன். உடைஞ்ச இடத்துல உள்ளுக்குள்ள பழைய துரு, முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப அவன் வேகமா போனதால இல்ல. ஏன் சொல்லல?"

"நான்தானேக்கா மாட்டிவிட்டேன்."

அதன் பிறகு, பின்சக்கர ஸ்பிரிங்குகள் யாரிடம் என்று கேட்டேன்.

"ஒரு அண்ணன் வாங்கிட்டுப் போனாரு. பேரு தெரியாது. அவரு மெசேஜ் அனுப்புன அக்கவுண்ட்கூட இப்ப இல்ல லா. அவரு கார்ல பிள்ளைங்க இருந்துச்சு."

அவர் அழுதார். நான் தேற்றவில்லை. பையை வாங்கிக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஸ்பிரிங்குகளிலும் அதே துரு இருக்கலாம்; அவற்றை வாங்கியவரின் காரை முதலில் தேடிக் கண்டுபிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பதுருன்னிசா