வியாழன் லிங்கராஜபுரம், சனி ஆஸ்டின் டவுன்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசினால் பிடிக்காது, வனஜா மேடம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பேர் கத்திக்கொண்டால்கூட அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றதும் நம் குடும்பச் சமரச மையத்துக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்? கல்யாணமே ஆகாத ஆள் புருஷன் பெண்டாட்டியை எப்படிச் சேர்த்து வைப்பான் என்று 1991-இல் கமிட்டியில் சிரித்தார்கள். நூற்றுப் பத்தொன்பது ஜோடிகளைச் சேர்த்து வைத்தேன். போன வருஷம் தலைவராக வந்த நீங்கள், மிச்சமுள்ள அந்த ஒரு ஜோடியைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கென்ன பயம்.

சேஷகிரி ஆஸ்டின் டவுன்காரர், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி தமயந்தி நர்சரி டீச்சர். 1993-இல் அவர் வீட்டிலிருந்த இரண்டாவது கேஸ் சிலிண்டரைத் தன் அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல். சிலிண்டருக்கு அப்போது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் சாம்பார் பாதி கொதிக்கும்போது கேஸ் தீர்ந்தது. தமயந்தி அதை அப்படியே விட்டுவிட்டு, லிங்கராஜபுரத்தில் தம்பி வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்று.

மையத்தின் விதியை எழுதியவன் நான்தான். கோபம் ஆறும்வரை இருவரும் நேரில் பேசக்கூடாது. போன் கூடாது, கடிதம் கூடாது. எது சொல்வதானாலும் சமரசக்காரர் வழியாகத்தான். எனவே வியாழக்கிழமை அவள் வீட்டுக்கும் சனிக்கிழமை அவர் வீட்டுக்கும் போய்வந்தேன்.

மூன்றாவது வாரமே சேஷகிரி இறங்கி வந்துவிட்டார். "சிலிண்டரை அக்காகிட்ட இருந்து திருப்பி வாங்கிட்டேன் சார். தப்பு என்னோடதுதான். வரச் சொல்லுங்க, வீடே பேஜாரா இருக்கு" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வியாழக்கிழமை போனேன். தமயந்தி அடை வார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வருவீங்கன்னுதான் சார் முருங்கைக்கீரை போட்டேன்" என்றாள். எனக்கு அப்போது அறுபது வயது. நான் வருவேன் என்று அதுவரை யாரும் கீரை ஆய்ந்து வைத்ததில்லை. மூன்று அடை சாப்பிட்டேன்.

"அவர் என்ன சொன்னார் சார்?"

"இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்கிறாரும்மா."

அவ்வளவுதான் சொன்னேன். சனிக்கிழமை அவரிடம், "அவங்க மனசு இன்னும் ஆறலை" என்றேன். அவர் கேரம் போர்டை எடுத்து வைத்து ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார். "நீங்க வந்து போறீங்களே சார், அதுவே தெம்பா இருக்கு" என்றார். கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா.

ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அது என் கொள்கை. தீபாவளிக்கு அவர் மாம்பழ நிறத்தில் சேலை எடுத்து வைத்திருந்தார். கொடுத்தால் அவசரப்படுத்துவதாகிவிடும் என்று பீரோவிலேயே வைக்கச் சொன்னேன். அவள் தம்பி ஒருமுறை, நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினான். கூடிவரும் காரியம் கெட்டுவிடும் என்று உட்கார வைத்தேன். எல்லாருமே சொன்னதைக் கேட்கிற நல்ல ஜனங்கள்.

1998-இல் ஒரு வியாழக்கிழமை தமயந்தி சாப்பாடு போடும்போதே அழுதுவிட்டாள். "வயசு ஏறிட்டே போகுது சார். ஒரு குழந்தை வேணும். வெக்கத்தை விட்டுக் கேக்கிறேன், இதை மட்டும் அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க."

யார் அழுதாலும் எனக்குத் தாங்காது. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சனிக்கிழமை சேஷகிரி விசாரித்தபோது, "அமைதியா இருக்காங்க" என்றேன். அன்று கேரமில் இரண்டு ஆட்டம் நான் ஜெயித்தேன்.

மாட்டிக்கொண்டது தேர்தலில். தமயந்தியின் ஓட்டு ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று ஒவ்வொரு முறையும் அவளைக் காலையிலும் அவரைச் சாயங்காலத்திலும் அனுப்பிவைத்தேன். இந்த 2004-இல் எனக்கு வைரல் காய்ச்சல். ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் நகரும் இல்லையா, இருவரும் தோளோடு தோள் வந்து நின்றிருக்கிறார்கள்.

"இன்னுமா அந்தச் சிலிண்டர் கோபம்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க அதைத் திருப்பி வாங்கவே இல்லையே."

"மூணாவது வாரமே வாங்கிட்டேனே. சார் சொல்லலையா?"

ஓட்டுக்கூடப் போடாமல் நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். இதையெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமயந்தி கத்துவாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. "எனக்கு நாப்பத்திரெண்டு ஆயிடுச்சு சார். ஏன் சார்?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன். "சேர்ந்து போன ஜோடிங்க யாரும் என்னைத் திரும்பிப் பாக்கிறதில்லைம்மா. ரோட்டில பாத்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவாங்க. நீங்க ரெண்டு பேர்தான் வாராவாரம் எனக்காகக் காத்துட்டிருந்தீங்க. விட மனசு வரலை." சேஷகிரி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, வேண்டுமென்றேதான் செய்தேன், பதினோரு வருஷமும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் மேடம். ஒன்றாகக் குடித்தனம் தொடங்கி இருபது நாள் ஆகவில்லை, கொசுவலையை யார் கட்டுவது என்று அதற்குள் இரண்டு முறை சண்டையாம். என் பொறுப்பில் இருந்தவரை அவர்களுக்குள் ஒரு சண்டை வந்ததா, சொல்லுங்கள்.