படகுக்காரரும் லிஃப்ட்டுக்காரனும்

தலையா? ஈரமாவா இருக்கு? அது ஒண்ணுமில்ல தம்பி, அவசரமா குளிச்சிட்டு அப்படியே கிளம்பி வந்துட்டேன், துவட்டக்கூட நேரமில்ல. கண்ணு செவந்திருக்கா? தூசி பட்டிருக்கும். என்னை விடுங்க, இந்தக் கம்ப்யூட்டர் மிஷினைப் பாருங்க.

வேர்ட்பேட். அந்த எழுதுற புரோகிராமைத் திருப்பிப் போட்டுத் தரணும், அவ்வளவுதான் வேலை. வேற எதையும் தொட வேண்டாம். முக்கியமா உள்ள இருக்கிற ஃபைல் எதையும் திறக்க வேண்டாம்.

தெரியும் தெரியும். கம்பெனிக்காரனே எடுத்துட்டான். பேப்பர்ல போட்டிருந்தான், நானும் படிச்சேன். முப்பது வருஷமா சும்மா குடுத்துக்கிட்டிருந்ததை இனிமே கிடையாதுன்னுட்டான். ஒரு ஓரமா கிடந்துட்டுப் போகுதுன்னு விடக் கூடாதா? அது பாட்டுக்கு இருந்துச்சு. அதுதான் நான் வீட்லயும் சொன்னேன். என்ன பண்றது, கம்பெனிக்காரன் எடுத்துட்டான், நம்ம கையில என்ன இருக்குன்னு.

இல்ல, வேற வேண்டாம். சும்மா கிடைச்சாலும் வேண்டாம். எழுதுறது என் வீட்டுக்காரி. பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை, நாள் பூரா டைப்பிங்தான், அங்க பெரிய புரோகிராம் எல்லாம் இருக்கு. அது வேலைக்குங்கிறா. வீட்ல இதுதான். வெள்ளையா ஒரு பக்கம், மேல நாலு பட்டன். தப்பா அடிச்சா செவப்புக் கோடு போட்டுக் காட்டாது, அதுதான் அவளுக்குப் பிடிச்சது. தப்பு கண்டுபிடிக்க வீட்ல ஒரு ஆள் போதும்பா. என்னைத்தான் சொல்றா.

மிஷின் எங்க பொண்ணோடது. வெளியூர் வேலைக்குப் போறப்போ பழசுன்னு விட்டுட்டுப் போயிட்டா. நாலு வருஷமாச்சு. அன்னையிலிருந்து இவ சாயங்காலம் ஆறரைக்கு அதுக்கு முன்னாடி உக்காந்தா, எந்திரிக்க எட்டரை. கதவைப் பாதி சாத்தி வச்சிருப்பா. முழுசா சாத்தினாலாவது சண்டை போடலாம். பாதின்னா என்ன கேக்கிறது? ஹால்ல டி.வி. முன்னாடி உக்காந்தா இடுக்குல அவ முதுகு தெரியும். நாலு வருஷமா செய்தி பாக்கிறேன்னு சொல்லிக்கிட்டு அந்த முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

ஒரு நாள் சிரிச்சா. தனியா. சத்தமா இல்ல, மூக்கால வருமே, அந்தச் சிரிப்பு. கல்யாணமான புதுசுல எனக்கும் ரெண்டு மூணு தடவை கிடைச்சிருக்கு. அப்புறம் எங்க போச்சுன்னு தெரியாம இருந்தேன். இங்கதான் இருந்திருக்கு, பக்கத்து ரூம்ல.

நீங்க என்ன நெனப்பீங்க? ஆமா, நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா அந்த மிஷின்ல நெட்டே கிடையாது. எவன்கூடயும் பேச முடியாது. யாருமே இல்லாத இடத்துல யாரைப் பாத்து சிரிக்கிறா? ஆள் இருந்தாக்கூட நேரா போய் சட்டையைப் பிடிக்கலாம்.

அதுல பூட்டு கிடையாது, உங்களுக்குத் தெரியும். பூட்டே இல்லாததை நாலு வருஷமா தொடாம இருந்திருக்கேன் தம்பி. அதையும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, என்னைப் பத்தி ஏதாவது நெனக்கிறதுக்கு முன்னாடி.

படிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை, அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. நூத்துநாப்பது பக்கம். கதை. முதல்ல என்னைத்தான் தேடினேன். திட்டி எழுதியிருந்தாலும் பரவால்ல, இருந்தாப் போதும்னு இருந்துச்சு. நான் இல்ல. அதுல ஒரு பொம்பளை வர்றா, தினமும் ஏரிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போறவ. அவளுக்குப் புருஷனே இல்ல. செத்துட்டான்னு இல்ல, விட்டுட்டுப் போயிட்டான்னு இல்ல. சும்மா, இல்ல. அவ்வளவுதான்.

ஆனா ஒரு படகுக்காரன் இருக்கான். அவளை அக்கரையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வர்றவன். அவனுக்கு மீசை இருக்கு. மீன் மாதிரி நீந்துவானாம், துடுப்பு கை நழுவிப் போனா தலைகீழா குதிச்சு எடுத்துட்டு வருவானாம். அது ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கா. படகுக்காரர்னுதான் எழுதுறா, ர் போட்டு. வந்தார், சிரித்தார், கேட்டார். என்னைப் பத்தி அவ அக்காகிட்ட ஃபோன்ல பேசும்போது என்ன சொல்லுவா தெரியுமா? இந்த மனுஷன். இந்த மனுஷன் வந்தாச்சு, வச்சிடறேன்.

அந்த ஆளு தினமும் ஒரே ஒரு கேள்வி கேப்பான். இன்னைக்கு என்ன பாத்தீங்க? அவ சொல்லுவா. கரை வந்துடும்போல இருக்கு, அவ இன்னும் பேசி முடிக்கலைன்னா, துடுப்பை மெதுவாப் போடுவானாம்.

நான் ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டுறேன் தம்பி. இருபத்தெட்டு வருஷமா நானும் ஆளுங்களை ஏத்தி இறக்கிக்கிட்டுதான் இருக்கேன். நானும் தினமும் ஒரே கேள்விதான் கேக்கிறேன். எத்தனாவது மாடி? என் லிஃப்ட்ல மெதுவாப் போற பட்டன் கிடையாது. அவ அம்மாவை அங்க சேத்திருந்தப்போ ஒரு நாள் இவ ஏறியிருக்கா. நான் திரும்பிப் பாக்காம எத்தனாவது மாடின்னேன். நாலுன்னா. கதவு மூடினப்புறம்தான், குரல் தெரிஞ்ச குரலா இருக்கேன்னு திரும்பினேன். அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்போ யோசிச்சா, நான் மட்டும்தான் சிரிச்சேனோ என்னவோ.

என்னது?

புரியல. பழைய வெர்ஷனா? இதுக்கு அந்த அப்டேட்டே வராதா?

நெட்டே இல்லாததுக்கு எப்படி வரும், ஆமா, நான்தானே சொன்னேன். அப்போ கம்பெனிக்காரன் எடுக்கல. யாரோ கையால எடுத்திருக்காங்க.

ம்.

அந்த ஸ்டூலை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்களேன்.

நான்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செக்ஷன்ல ஒருத்தர் இருக்காரு, தினமும் நம்ம லிஃப்ட்ல ஆறாவது மாடிக்குப் போவாரு. தேவையில்லாததை எப்படி சார் எடுக்கிறதுன்னு கேட்டேன். ஆறு வர்றதுக்குள்ள சொல்லிக் குடுத்துட்டாரு. எடுக்கிறதுக்கு அவ்வளவு நேரம்தான். திருப்பி எப்படிப் போடுறதுன்னு கேக்கிறதுக்குள்ள மாடி வந்துடுச்சு. பேப்பர்ல அந்தச் செய்தி வேற வந்திருந்துச்சா, கைக்கு அடக்கமா ஒரு பொய் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அவகிட்ட சொன்னேன். சரின்னா. அந்த ஒரு வார்த்தைதான். நாலு வருஷம் உக்காந்தவ, ஒரு சரியோட எந்திரிச்சு வந்துட்டா.

ஏன் எடுத்தேனா. அந்த ஆளைக் கொன்னுட்டேன் தம்பி.

படகுக்காரனை. அந்த ஞாயித்துக்கிழமைதான். நூத்துநாப்பதாவது பக்கத்துல கதை பாதியில நிக்குது. படகு பாதி ஏரியில, மழை வர்ற மாதிரி இருக்கு, அவன் அவளைப் பாத்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அந்த இடத்துல கோடு மின்னிக்கிட்டு நிக்குது, இந்தா, வந்து எழுதுங்கிற மாதிரி. என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தாங்கல. ரெண்டு விரலால அடிச்சேன். படகு கவிழ்ந்தது. படகுக்காரன் நீரில் மூழ்கி இறந்தான். ர் போடல. அடிச்சு முடிக்கவும் வாசல்ல மணி அடிக்கவும் சரியா இருந்துச்சு. மூடப் போனா, சேமிக்கவான்னு கேக்குது. எனக்கு வேலையில பழக்கம் பாருங்க, பட்டன் வந்தா அமுக்கிடுவேன்.

அழிச்சிருக்கலாம்தான். அன்னைக்கு அவளுக்குத் தலைவலி, உக்காரல. மறுநாள் நான் அவளுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டேன். திறந்தேன். அந்த ரெண்டு வரியைப் பாத்தேன். அழிக்கக் கையும் போச்சு. அழிக்கல. அந்த ஆளு செத்துக் கிடக்கிறது நல்லா இருந்துச்சு தம்பி. ஒரு நாள் இருக்கட்டும்னு நெனச்சேன். ஆனா அவ வந்து பாத்துட்டா? அதனால புரோகிராமையே எடுத்துட்டேன்.

அப்புறம்தான், பஸ்ல போயிட்டிருக்கும்போது உறைச்சுது. மீன் மாதிரி நீந்துறவன்னு ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கா, அவனைப் போய்த் தண்ணியில சாகடிச்சிருக்கேன். கொலை பண்ணத் தெரியாதவன் பண்ண கொலை. யார் பண்ணதுன்னு அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு.

இன்னையோட இருபத்திரண்டு நாள். இப்போ சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து டி.வி. பாக்கிறா. நான் கேட்டது அதுதானே? நாலு வருஷமா மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்தது அதுதான். வந்துட்டா. ஆனா பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க எதிர்க் கடை போர்டைப் பாப்பாங்களே, அப்படிப் பாக்கிறா டி.வி.யை. முதுகையாவது எனக்குப் பழக்கம். பக்கத்துல உக்காந்திருக்கிற முகத்தை என்ன பண்றதுன்னு தெரியல.

ஒரு நாள் நானா கேட்டும் பாத்தேன். இன்னைக்கு நீ என்ன பாத்தேன்னு. திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அடுத்தவன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னா எப்படிப் பாப்பாங்க, அப்படி.

அப்புறம் போன வாரம், சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாம கேக்கிறா. உங்களுக்கு இன்னும் தண்ணின்னா பயம்தானான்னு. பயமா, யாருக்குன்னேன். தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. கல்யாணமான புதுசுல ஒரு ஏரிக்குப் போயிருந்தோம். படகுல போலாம்னா. நான் ஏறல, எனக்கு முழங்கால் அளவு தண்ணியே ஆகாது. நீ போயிட்டு வான்னேன். அவ மட்டும் ஒரு சுத்து போயிட்டு வந்தா. நான் கரையில அவ செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்குப் படகு ஓட்டினவனுக்கு மீசை இருந்துச்சான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகம் வர மாட்டேங்குது. கால் மணி நேரம் போயிட்டு வந்தாங்க. அவ்வளவு நேரம் அவன் என்ன கேட்டான்னு நான் கேக்கவே இல்ல.

அதனால, வேர்ட்பேட்டைப் போடுங்க. நான் இங்கயே அந்த ரெண்டு வரியை அழிச்சிடறேன். அவ மறுபடி வந்து பாக்கும்போது அந்த ஆளு படகுல உயிரோட இருக்கட்டும். என்ன சொல்ல வந்தானோ சொல்லிட்டுப் போகட்டும்.

ஏன், எதுக்குத் திறக்கிறீங்க? வேற புரோகிராம்லயும் திறக்குமா இது?

எதுல வேணா திறக்குமா. அப்போ அவ ஆபீஸ் மிஷின்லகூட. பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் எழுதி, திருப்பி இதுலயே கொண்டுவந்து போட்டா போதுமா. அவ பீரோ சாவிக்கொத்துல நீலமா ஒண்ணு தொங்கிக்கிட்டு இருக்கு. நான் ஏதோ அழகுக்கு மாட்டியிருக்கான்னு நெனச்சேன்.

கடைசியா சேமிச்சது எப்போன்னு காட்டுதா?

போன திங்கக்கிழமையா. நல்லாப் பாருங்க. நான் அடிச்சது மூணு வாரத்துக்கு முன்னாடி. போன திங்கள்னா, அவ தண்ணியைப் பத்திக் கேட்டா பாருங்க, அதுக்கு முந்தின நாள்.

கடைசிக்குப் போங்க. நீங்களே பாத்து சொல்லுங்க, என் கண்ணாடியில தண்ணி. என் ரெண்டு வரி இருக்கா? அழிக்கலையா? அப்படியே வச்சிருக்காளா. அதுக்குக் கீழ? ஒரே ஒரு வரியா? படிங்க.

படகுக்காரருக்கு நீச்சல் தெரியும்.

ம்.

இன்னும் கீழ இழுங்க. இன்னும். வெள்ளைதானா.

வேண்டாம், அழிக்காதீங்க. என்னோடதையும் விட்டுடுங்க, அவளே வச்சிருக்கிறதை நான் ஏன் எடுக்கணும். புரோகிராமை மட்டும் போடுங்க. அவளுக்கு இது இருந்தாத்தான் மிச்சம் வரும்.

தலை ஏன் ஈரம்னு கேட்டீங்கல்ல. குளிச்சிட்டு வரல. இந்த ரோட்டுக் கடைசியில நீச்சல் குளம் இருக்கில்ல, நாலு நாளா அங்க போறேன், டியூட்டிக்கு முன்னாடி. வீட்ல சொல்லல. எனக்கு முன்னாடி வரிசையில நிக்கிறதெல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. சொல்லிக் குடுக்கிற பொண்ணு, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சு விடுங்க ஐயாங்கிறா. மூச்சு விட்டாச்சு. சுவத்துக் கம்பியைத்தான் இன்னும் விட முடியல. எப்படியும் அந்தப் படகுக்காரரு நீந்திக் கரைக்கு வந்துடுவாரு, அவ கொண்டுவந்துடுவா. அப்பவும் நான் செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல.

நாளைக்கு ஒன்பதுக்கு மேல வந்து வாங்கிக்கட்டுமா? துண்டு ஒண்ணு எடுத்துட்டுப் போகணும், தினமும் மறந்துடறேன்.